முதல் மிதிவண்டி

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுந்தால், இலக்கணத்தில் இவனுக்கு ஐயம் தீர்ந்துவிட்டது போலும் என்று நகைப்பாரும் உளர். நகைக்கட்டும். நாற்பதாண்டுகளுக்கு மேலாக நல்லூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் நன்மை தீமை வீடுகளுக்கும் யான் சென்று வந்தது சைக்கிளிலேயே. நன்னூலைக் கற்ற காலத்திலும் மிகுதியான காலம் அதன் ஆசனத்திற் கழிந்திருக்கின்றது. ஆதலின் இப்பொருளில் ஒரு கருத்துச் சொல்ல எனக்கும் சிறிது உரிமை உண்டென்றே எண்ணுகிறேன்.

சென்ற மாதத்தில் ஒரு மாலை என் மருமகன், அஃதாவது தங்கையின் மகன், கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, இதை வாங்கலாமோ?" என்றான். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்த ஹாண்டில், விரற்கடை அகலமுள்ள ரயர், மட்காட் இல்லை, கரியர் இல்லை, மணியும் இல்லை. இக்கால இளைஞர் இதனை 'றோட் பைக்' என்பர். எம் இளமையில் இதற்கு 'றேசிங் சைக்கிள்' என்று பெயர். பையன் கொழும்பில் அடுக்குமாடி வீட்டிலே வளர்ந்தவன். இவ்வாண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தமையால், தாயோடும் தங்கையோடும் நல்லூரிலுள்ள பழைய மனைக்கு வந்து சேர்ந்தவன். நண்பர் ஒருவரின் வண்டியில் நான்கு நாள் பழகி, விழாமற் செல்லும் அளவுக்கு அண்மையிலேதான் தேறியிருந்தான்.

பக்கத்தில் நின்ற தங்கை விடவில்லை. "அண்ணா, ஊரிலை எல்லாப் பிள்ளையளும் மோட்டார் சைக்கிளிலை போகேக்கை இவன் மட்டும் சைக்கிள் உழக்கிக்கொண்டு திரியிறதோ?" என்றாள். வழக்கு என்னிடம் வந்தது. அவ்வழக்கில் யான் கூறிய தீர்ப்பையும் அதற்கான காரணங்களையும் இங்கு எழுதுகிறேன். முதன்முறையாக ஒரு சைக்கிள் வாங்க நினைக்கும் வீடுகள் பலவற்றுக்கும் அவை பயன்படக்கூடும்.

முதலிலே தங்கை வழங்கிய சொல்லைப் பார்ப்போம். ஏட்டில் நாம் 'துவிச்சக்கர வண்டி' என்று எழுதுகிறோம்; அப்பெயர் வண்டியின் சக்கரங்களை எண்ணுகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ 'சைக்கிள் உழக்குதல்' என்கிறோம். உழக்குதல் என்பது மிதித்தலையும் கலக்குதலையும் குறிக்கப் பழைய நூல்கள் ஆண்ட நல்ல தமிழ்ச்சொல். பெயர் சக்கரத்தை நோக்க, வினை மனிதனுடைய காலை நோக்குகிறது. முதல் வண்டியைத் தெரிவு செய்வோர் இவ்வினையிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே எனது கருத்து. எந்தக் கால் அதனை உழக்கப்போகிறது, எந்தத் தெருவில், எந்தக் காற்றில், பழுதுற்றால் எவருடைய கையில் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே நிறமும் பெயரும் விலையும் பேசப்படவேண்டும். நடைமுறையில் இம்முறை தலைகீழாக நிற்கிறது. பிள்ளை நிறத்தைப் பார்க்கிறான். தந்தை விலையைப் பார்க்கிறார். காலை எவரும் பார்ப்பதில்லை.

சைக்கிள் ஏழ்மையின் அடையாளம் என்று கருதுவோருக்கு ஒரு வார்த்தை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது, இம்மண்ணின் வாழ்வை இழுத்துச் சென்றது சைக்கிளே. நோயாளியும் விறகும் நெல்மூடையும் அதிலேயே சென்றன. மின்சாரம் அற்ற இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். பின்னர் 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது, மோட்டார் வாகனங்கள் முற்றத்தில் உறங்க, மூலையிற் கிடந்த பழஞ்சைக்கிள்கள் துடைத்தெடுக்கப்பட்டன. கடைகளிற் சைக்கிளின் விலையும் ஏறியது. ஒரு தலைமுறைக்குள் இருமுறை நம்மைத் தாங்கிய பொருளை இகழ்வது நன்றியாகாது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் வீடு திரும்பும்வரை படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரையும் யான் அறிவேன்.

இனிக் காலுக்கு வருவோம். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தையார் ஒரு பழைய இங்கிலாந்து வண்டியை வாங்கி வந்தார். 24 அங்குலச் சட்டம். வளர்ந்த ஆடவர்க்கு உரியது. "வளருகிற பிள்ளை, இரண்டு வருசத்திலை கால் எட்டும்" என்றார். உடுப்புத் தைப்பிக்கும்போது சிறிது கூட்டித் தைப்பிப்பது போன்ற சிக்கனம் அது. கால் எட்டாமையால், பார் என்னும் மேற்றடியின் கீழாக ஒரு காலை நுழைத்து, உடலைக் கோணலாக்கி உழக்கினேன். மூன்றாம் நாள் முத்திரைச் சந்தியருகே, எதிரே வந்த மாட்டுவண்டிக்கு விலக முயன்று விழுந்தேன். தரையில் ஊன்றக் கால் எட்டியிருந்தால் அவ்வீழ்ச்சி நேர்ந்திராது. முழங்காலில் இன்றும் வடு இருக்கிறது.

அவ்வடுவினும் பெரிய கேடு ஒன்று அன்று நிகழ்ந்தது. என் குருதியைக் கண்ட தாயார், "பெண்பிள்ளைக்கு இது வேண்டாம்" என்று முடிவு செய்துவிட்டார். எட்டு வயதுத் தங்கை அதன்பின் சைக்கிளைத் தொடவில்லை. பின்னாளில் ஊரிலுள்ள பெண்கள் பலரும் சைக்கிளிற் சென்ற காலத்திலும் அவளை அச்சம் விடவில்லை. அளவு தப்பிய ஒரு வண்டி இரண்டு பிள்ளைகளின் முதல் வண்டியைக் கெடுத்தது. வள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். செய்யும் வினையின் வலியையும் தன் வலியையும் ஆராய்ந்து தொடங்குதல் அரசர்க்கு மட்டும் உரிய அறிவன்று. பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும் தந்தைக்கும் வேண்டியதே.

அளவறிதற்கு ஆழ்ந்த கல்வி வேண்டாம். வண்டியின் மேற்றடியைக் கால்களின் நடுவே விட்டு, இரு பாதமும் நிலத்திற் படிய நின்று பார்க்கவேண்டும். தடிக்கும் உடலுக்கும் இடையே ஓரிரண்டு அங்குல வெளியாவது இருத்தல் வேண்டும். பின்னர் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஆசனத்தில் இருந்து, கீழ்நிலையிலுள்ள பெடலில் குதிகாலை வைத்தாற் கால் நேராக நீளவேண்டும். உழக்கும்போது முன்பாதம் பெடலில் நிற்குமாதலின், அப்பொழுது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம். புதிதாகப் பழகுவோர் மட்டும் சில நாள் ஆசனத்தைத் தாழ்த்தி வைத்து, பாதம் நிலத்தை எட்டும்படி செய்துகொள்ளலாம். துணிவு வரவர உயர்த்தலாம். ஹாண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை சற்றே மடிந்திருக்கவேண்டும். தோள் இழுபட்டால் அவ்வண்டி நீளம் கூடியது. ஆசனத்தை ஏற்றி இறக்கலாம். சட்டத்தின் நீளத்தைக் குறைக்க எந்தத் தொழிலாளியாலும் இயலாது.

மருமகன் காட்டிய வண்டிக்கு விலை குறைத்திருந்தார்கள். விசாரித்தபோது, எஞ்சியிருந்தது பெரிய அளவு ஒன்றே என்று தெரிந்தது. அவனோ நடுத்தர உயரத்துக்கும் சற்றுக் குறைந்தவன். அளவு தப்பிய வண்டிக்கு அரைவிலையும் அதிக விலையே.

ஆயினும் அவனுடைய விருப்பத்தை ஆடம்பரம் என்று தள்ளிவிட யான் உடன்படவில்லை. நம் குடாநாடு சமதரை. கீரிமலை என்று ஊருக்குப் பெயர் இருப்பினும், உழக்குவோன் காலை வருத்தும் மலை அங்கும் இல்லை. மலையின் வேலையை இங்கே காற்றுச் செய்கிறது. சோழகம் வீசும் மாதங்களில், இருபுறமும் மரமற்ற செம்மணி வெளியில் எதிர்க்காற்றில் உழக்கியவர்க்கு அதன் வலிமை தெரியும். காற்றின் தடை விரைவின் வர்க்கத்தோடு வளரும் என்பது பௌதிகம். விரைவு இருமடங்கானால் தடை நான்மடங்காகும். உடலைக் குனித்துக் காற்றுக்குக் காட்டும் பரப்பைச் சுருக்குவதற்காகவே ஹாண்டிலை வளைத்தார்கள். பழைய பெருவண்டி ஏறக்குறைய இருபது கிலோ நிறை உடையது. நல்ல றோட் பைக் அதிற் பாதி. நல்லூரிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் செல்ல விரும்பும் இளைஞனுக்கு இவை பொருளற்ற வேறுபாடுகள் அல்ல.

கியரைப் பற்றியும் இதே கணக்குத்தான். முன்பற்சில்லில் 44 பல்லும் பின்பற்சில்லில் 22 பல்லும் இருப்பின், கால் ஒருமுறை சுற்றச் சக்கரம் இருமுறை சுற்றும். பின்னே 11 பல் எனின் நான்குமுறை சுற்றும். அதற்கேற்பக் காலும் வருந்தும். எதிர்க்காற்றுக்கு இலகுவான ஒன்று, அமைதியான பொழுதுக்கு இடைத்தரமான ஒன்று, பின்காற்றுக்கு விரைவான ஒன்று இருந்தால் நம் நிலத்துக்குப் பெரும்பாலும் போதும். இருபதுக்கு மேற்பட்ட கியர் உண்டென்று கூறுவதைக் கேட்டு மயங்கவேண்டுவதில்லை. அவற்றிற் பல ஒன்றற்கொன்று மிக அண்மையானவை.

தெருவும் நோக்கத்தக்கது. பெருந்தெருக்கள் இன்று செப்பமாயிருப்பினும், வீட்டுக்கும் பெருந்தெருவுக்கும் இடையே ஒழுங்கைகள் உண்டு. அவற்றிலே கல்லும் மணலும் குழியும் உண்டு. 1885 இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி சமமான இரு சக்கரமும் சங்கிலியும் உடைய 'றோவர்' வண்டியை அமைத்தபோது, இன்றைய சைக்கிளின் உருவம் நிலைபெறத் தொடங்கியது. ஆயினும் அதில் இருந்தது திண்ணிய றப்பர். 1888 இல் டன்லொப் என்பவர் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். அதனை அவர் முதலிற் செய்தது தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்கே. பிள்ளையின் உடல் குலுங்கக் கூடாது என்று எண்ணிய தந்தையின் கண்டுபிடிப்பை, நாம் பிள்ளைகளின் உடல் குலுங்கும்படி மெலிவித்துக்கொண்டு போவதேன்? 23 மில்லிமீற்றர் ரயரே விரைவானது என்றிருந்த பழைய எண்ணம் பந்தய வீரரிடையேயும் மாறிவிட்டது. அவர்களே 28 மில்லிமீற்றருக்கும் அதற்கு மேலும் சென்றுவிட்டனர். கரடான தெருவில் அகன்ற ரயர் அதிர்வைத் தாங்கிக்கொள்வதால் விரைவிற் பெரிதாக இழப்பதுமில்லை. புதியவர் 32 மில்லிமீற்றர் ரயர் புகத்தக்க இடமுள்ள சட்டத்தைத் தேடுவது நன்று.

நான்காவது வினா, பழுதுற்றால் எவர் கையில் என்பது. சந்திக்குச் சந்தி ஒட்டுப்போடும் கடைகள் நமக்கு உண்டு. வாங்குமுன் அவ்வாறான ஒருவரிடம் சென்று, இவ்வண்டியின் ரியூப்பும் பிறேக் கட்டையும் கிடைக்குமா, இதன் மெல்லிய வாய்க்கு அவருடைய பம்பு பொருந்துமா என்று கேட்கவேண்டும். பொருந்தாவிடிற் சிறியதொரு இணைப்பி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். காபன் நாரினாற் செய்த சட்டம் மிக இலேசானது; ஆனால் அடிபட்டால் உள்வெடிப்பு வெளியே தெரியாமல் இருத்தலுங்கூடும். உருக்குச் சட்டத்தைப் பற்றவைக்கலாம். அதன் பகை கடற்காற்றின் துரு. அலுமினியம் உருக்கைப்போலத் துருவேறாது. வெடித்தாற் சீர்செய்தல் அரிது. முதல் வண்டிக்கு உருக்கோ அலுமினியமோ போதும். மழைக்காலத்தில் உருக்கு றிம் நனைந்தால் றப்பர்க் கட்டை வழுக்கும். அலுமினிய றிம்மில் அதனினும் நன்றாகப் பிடிக்கும். வாடை மழையில் வகுப்புக்குச் செல்லும் பிள்ளையின் உயிர் இதில் இருக்கிறது. மட்காட்டும் கரியரும் பூட்டத் துளைகள் உள்ளனவா என்பதையும் பார்க்கவேண்டும். புத்தகமும் சேறும் இல்லாத மாணவ வாழ்க்கை நம் ஊரில் இல்லை.

பழைய வண்டி வாங்குவோர் ஓர் அடிமட்டத்தைக் கையிற் கொண்டு செல்லட்டும். சங்கிலியின் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். ஆகவே ஓர் ஆணியின் நடுவில் அடிமட்டத்தை வைத்தால், இருபத்துநான்காவது கண்ணி முடியுமிடத்து ஆணியின் நடு 12 அங்குலத்தில் நிற்கவேண்டும். அங்குலத்தின் எட்டிலொரு பங்கு தள்ளி நின்றாற் சங்கிலியோடு பற்சில்லும் தேய்ந்திருக்கும். அச்செலவை விலையிற் கழித்துப் பேசலாம். சக்கரத்தைச் சுழற்றிப் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்க்க. சட்டத்தின் பொருத்துகளில் வெடிப்பும், முன்கவையில் வளைவும் உண்டோ என்று பார்க்க. வைத்திருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடாமல், தலைக்கவசம், முன்பின் விளக்கு, பூட்டு, பம்பு, மணி ஆகியவற்றுக்கு ஒரு பங்கு ஒதுக்கிக்கொள்க.

இவ்வளவும் சொல்லி முடித்தபின், என் தீர்ப்பின் மற்றப் பகுதியைச் சொன்னேன். "தம்பி, நீ காட்டின வண்டிக்குக் குறித்த பணத்திலை உனக்கு அளவான பழைய வண்டி ஒன்று வாங்கலாம். மிச்சத்திலை தங்கச்சிக்கும் ஒன்று வாங்கு" என்றேன். அவன் தங்கைக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கும் தனியார் வகுப்புக்கும் எவராவது ஏற்றிச் செல்லும்வரை காத்திருப்பவள். ஒரு வீட்டில் மகன் ஏறும் பெருவிலை வண்டி ஒன்று நிற்பதிலும், மகனும் மகளும் ஏறும் அளவான வண்டிகள் இரண்டு நிற்பது மேல் என்பது என் கொள்கை.

இக்கொள்கைக்குத் தமிழகத்தில் ஒரு சான்று உண்டு. 1990களின் தொடக்கத்திற் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தனர். அங்கு ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்கு ஊக்கமளித்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கிற் பழகினர். பெண்களுக்குரிய வண்டி போதாமையால் ஆடவர் வண்டியிலேயே ஏறினோரும் உண்டு; முன்தடியிற் குழந்தையை இருத்தலாம் என்று அதனையே விரும்பினோரும் உண்டு. தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் ஆண்மகனை எதிர்பார்த்து நின்ற நிலை அவர்களுக்குத் தளர்ந்தது.

நம்மிடத்தில் அதற்கு மறுபுறமான சான்று என் வீட்டிலேயே இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் மழையில் நாவற்குழிப் பாலம் நோக்கி நகர்ந்தபோது, என் சைக்கிளின் கரியரில் தாயார் இருந்தார். ஹாண்டிலில் இரண்டு பொட்டலம். அந்நெரிசலில் எவரும் உழக்கவில்லை, உருட்டியே சென்றோம். தங்கை இரு கையிலும் சுமையோடு நடந்தாள். கை ஓய்ந்தபோது ஒவ்வொன்றாகத் தெருவோரத்தில் வைத்துவிட்டு வந்தாள். தந்தையாரின் ஏட்டுப் பெட்டி அவற்றுள் ஒன்று. அவளிடமும் ஒரு வண்டி இருந்திருந்தால் என்று யான் பலமுறை எண்ணியதுண்டு. அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

மருமகனுக்குப் பழைய றோட் பைக் ஒன்று, அவன் அளவுக்கு, 28 மில்லிமீற்றர் ரயரோடு கிடைத்தது. மட்காட் பூட்டுவதற்கு முதலில் முகஞ்சுளித்தான். மழை ஒருமுறை பெய்தபின் தானே வாங்கி வந்தான். மருமகளுக்குத் தடி தாழ்ந்த சிறிய வண்டி. வாங்கிய மறுநாள் மாலை யான் சென்றபோது, தங்கை அதன் ஆசனத்திற் கைவைத்து நின்றாள். "அண்ணா, இதை இன்னும் கொஞ்சம் பதிக்கலாமோ?" என்றாள். எவருக்கு என்று யான் கேட்கவில்லை.

ஆசனத்தை முற்றிலும் தாழ்த்தினேன். இரு பெடலையும் கழற்றினேன். இடப்புறப் பெடலின் புரி எதிர்த்திசையிற் கழலும் என்பதை அறியாதார் அங்கு இடர்ப்படுவர். 1817 இல் ஜெர்மனியில் டிறைஸ் என்பவர் செய்த முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே இல்லை. இருந்தபடி காலால் நிலத்தை உந்தியே செலுத்தினர். வயதுவந்தபின் பழகுவோர்க்கும் அதுவே அச்சந்தீர்க்கும் வழி. இரு பாதமும் எப்பொழுதும் நிலத்தருகே இருத்தலால் வீழ்ச்சி இல்லை. சமநிலை வந்தபின் பெடலைப் பூட்டலாம். ஐம்பதைக் கடந்த தங்கை, மதிலுக்குள்ளே, கிணற்றடியிலிருந்து படலைவரை உந்திச் சென்று திரும்பினாள். இன்னும் பெடல் பூட்டவில்லை. இவ்வாரம் பூட்டுவதாக இருக்கிறோம்.

ஆதலின், பெற்றோர்களே, பிள்ளைக்கு வாங்கும் முதல் வண்டியைப் பிள்ளையை உடன்கொண்டு சென்றே வாங்குங்கள். நாளை வளரப்போகும் காலுக்கென்று வாங்காது, இன்றுள்ள காலுக்கு வாங்குங்கள். கடைக்காரர்களே, எஞ்சிய அளவை விலை குறைத்துத் தள்ளாது, ஏறி அமர்ந்து பார்க்க இடங்கொடுங்கள். இளைஞர்களே, வளைந்த ஹாண்டிலை விரும்புவதிற் குற்றமில்லை. அது உங்கள் கைக்கு எட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டிற் சைக்கிள் அறியாத பெண்கள் இருப்பின், வயது எதுவாயினும், ஆசனத்தைச் சிறிது தாழ்த்தி வைத்துவிட்டு அழைத்துப் பாருங்கள்.

— நல்லூர்ப் பண்டிதர் ஒருவர்